சாம்பல் நிற மை எங்கே இருக்கிறது?

தோட்டத்துக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி நோட்டீசைப் பார்த்திருப்பீர்கள். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு கொமினிகேஷன் கடையில் அவசரமாக அடித்து வாங்கி வந்தது. நடுவில் இறந்தவரின் படம். நரைத்த தலை வெளிர் சாம்பல், கன்னத்துக் குழி அடர்ந்த சாம்பல், கண்மணி நல்ல கறுப்பு. அந்தக் கொமினிகேஷன் பிரிண்டரின் மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது கறுப்பு மை. கூடவே நீலம், செந்நீலம், மஞ்சள். சாம்பல் மை என்று ஒரு போத்தல் கிடையாது. கறுப்பை மட்டும் தெரிவுசெய்து அடித்தாலும் கன்னத்துச் சாம்பல் தப்பாமல் வந்துவிடுகிறது. கறுப்பைத் தண்ணீர் சேர்த்து மெலிதாக்கும் வசதியும் அந்த இயந்திரத்தில் இல்லை. அப்படியென்றால் சாம்பல் எங்கிருந்து வந்தது?

கைப்பேசிக் கேமராவை மிக நெருக்கமாகப் பிடித்து ஒரு படம் எடுத்து, விரல்களால் விரித்துப் பாருங்கள். குட்டு வெளிப்பட்டுவிடும். கன்னத்தில் இருப்பவை வெறும் கறுப்புப் பொட்டுகள். நெற்றியில் தள்ளித் தள்ளி, கன்னக் குழியில் நெருங்கி, காதோர நிழலில் இடைவெளியே தெரியாமல். பொட்டும் இடைவெளியும் சேர்ந்து கண்ணுக்குள் போய்ச் சாம்பலாகிவிடுகின்றன.

கண் ஏன் இப்படி ஏமாறுகிறது? நல்ல பார்வை உள்ளவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு. கண் வைத்தியரின் அறையில் தொங்கும் எழுத்து அட்டை இந்த அளவை வைத்துத்தான் வரையப்பட்டிருக்கிறது. தாளை 30 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்தால் அந்தக் கோணத்துக்குள் அடங்குவது 0.09 மில்லிமீற்றர். அங்குலத்துக்கு 600 புள்ளி வைக்கும் பிரிண்டரில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளின் நடுவே உள்ள தூரம் 0.04 மில்லிமீற்றர்தான். இரண்டு புள்ளிகளைத் தனித்தனியே பார்க்க வழியில்லாத கண், அவற்றின் சராசரியைப் பார்க்கிறது.

இதுவரை எளிது. எந்த இடத்தில் பொட்டு வைப்பது, எந்த இடத்தை வெறுமையாக விடுவது என்று முடிவெடுப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கைப்பேசியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 256 படிகள் உண்டு. இந்தப் புள்ளியைப் படப்புள்ளி என்போம். பிரிண்டர் வைக்கும் மைப்புள்ளிக்கு இரண்டே நிலை: துளி விழுந்தது, விழவில்லை. சில மாதிரிகள் சிறிய துளி, பெரிய துளி என்று இரண்டு மூன்று அளவுகளில் விடும். அதனால் அடிப்படை மாறுவதில்லை. 256 படிகளில் பேசுகிறவரின் பேச்சை, ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களில் எழுதி முடிக்க வேண்டும்.

இரண்டே நிலையுள்ள படத்தைக் கையாலும் எழுதலாம். 1980களில் ஜெஃப் பொஸ்கான்சர் என்ற அமெரிக்க மென்பொருள் எழுத்தாளர், மின்னஞ்சலில் போகும்போது படம் சிதையாமல் இருப்பதற்காக பிபிஎம் என்றொரு கோப்பு வகையை அமைத்தார். மை உள்ள இடத்துக்கு 1, இல்லாத இடத்துக்கு 0. அவ்வளவுதான்.

1 0 0 0 1
1 0 0 0 1
1 0 0 0 1
1 0 0 0 1
1 1 1 1 1

இது ‘ப’ என்ற எழுத்து. மேலே கோப்பின் வகையையும் அகல உயரத்தையும் சொல்லும் ஓரிரு வரிகளைச் சேர்த்துவிட்டால் இதுவே அச்சிடத் தயாரான ஒரு முழுப் படம். இத்தகைய புள்ளிப்படத்தைத்தான் கணினிக்காரர்கள் பிட்மேப் என்கிறார்கள்.

எழுத்துக்கு இது போதும். முகத்துக்கு? முதலில் தோன்றும் வழி ஒரு வரம்பு போடுவது. பாதிக்கு மேல் கருமையானால் பொட்டு வை, இல்லாவிட்டால் விட்டுவிடு. செய்து பார்த்தால் முகம் பாழாகிவிடும். 30 வீதம் கருமையான கன்னம் முழுவதும் ஒரே வெள்ளை. 60 வீதக் கருமையான கழுத்து முழுவதும் ஒரே கறுப்பு. பழைய போட்டோ கொப்பி இயந்திரங்களில் எடுத்த முகங்கள் தேர்தல் சுவரொட்டியின் ஸ்டென்சில் போல் வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு புள்ளியிலும் நாம் செய்த தவறு அந்தப் புள்ளியோடு மறக்கப்பட்டுவிடுகிறது. பக்கத்துப் புள்ளியிலும் அதே தவறு, அதே பக்கமாக.

இதைக் கொழுந்து மடுவத்துக்குக் கொண்டுபோனால் யாருக்கும் உடனே விளங்கும். காலை, பகல், அந்தி என்று மூன்று முறை கொழுந்து நிறுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒருவர் கொண்டுவந்தது 6.4 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் புத்தகத்தில் முழுக் கிலோ மட்டும்தான் எழுதலாம் என்றால் 6, 6, 6 என்று 18 விழும். பறித்ததோ 19.2. ஒரு கிலோவுக்கு மேல் காற்றில் போய்விட்டது. சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிப்பது வேறு கதை. அந்தச் சண்டைக்கு இங்கே இடமில்லை. இப்போது மிச்சத்தை மறக்காமல் அடுத்த நிறுவைக்குக் கொண்டுபோகும் நேர்மையான கணக்கப்பிள்ளை ஒருவர் இருக்கிறார் என்று நினையுங்கள். காலையில் 6 எழுதி 0.4ஐ மனதில் வைக்கிறார். பகலில் 6.4உடன் அதைக் கூட்டினால் 6.8, 7 என்று எழுதுகிறார். கூடுதலாக எழுதிய 0.2ஐ அந்தியில் கழிக்கிறார்: 6.2, ஆகவே 6. மொத்தம் 19. எந்த ஒரு பதிவும் சரியில்லை; நாள் கணக்கு முழுக் கிலோவில் சரி.

படத்திலும் இதே வேலைதான். 30 வீதக் கருமையுள்ள பத்துப் படப்புள்ளிகள் ஒரு வரிசையில் நிற்கின்றன. துளி விழுந்தால் 100, விழாவிட்டால் 0. வரம்பு 50; அதைத் தொட்டாலும் பொட்டு. முதல் புள்ளி 30, பொட்டு இல்லை, மிச்சம் 30. இரண்டாவது 60, பொட்டு வைக்கிறோம். 40 கூடுதலாகிவிட்டது, அதை அடுத்ததில் கழிக்க வேண்டும். மூன்றாவது கழித்தல் 10, பொட்டு இல்லை. நான்காவது 20, இல்லை. ஐந்தாவது சரியாக 50, பொட்டு. இப்படியே போனால் அடுத்த பொட்டு ஒன்பதாவதில் விழும். பத்தாவது முடியும்போது மிச்சம் சுழியம். பத்தில் மூன்று பொட்டு, அதாவது 30 வீதம். தாளில் ஒரு பென்சிலை வைத்துப் போட்டுப் பாருங்கள். வேறு எண்ணில் தொடங்கினாலும் கணக்கு தப்பாது.

1976இல் ரொபர்ட் ஃபுளோய்ட், லூயி ஸ்டைன்பர்க் என்ற இருவர் வெளியிட்ட முறை இதன் விரிந்த வடிவம். அவர்கள் மிச்சத்தை வலப்பக்கத்துக்கு மட்டும் தள்ளவில்லை. 16 பங்காகப் பிரித்து, வலப்பக்கப் புள்ளிக்கு 7, நேர் கீழே உள்ளதற்கு 5, கீழே இடப்புறத்துக்கு 3, கீழே வலப்புறத்துக்கு 1 என்று கொடுத்தார்கள். மேலேயும் இடப்பக்கமும் இருப்பவை ஏற்கெனவே முடிவாகிவிட்ட புள்ளிகள். அவற்றுக்குக் கொடுத்துப் பயனில்லை. தவறு அக்கம்பக்கத்தில் பரவுவதால் இதை வழுப் பரவல் என்று சொல்லலாம். மிக வெளிறிய இடங்களில் மட்டும் பொட்டுகள் புழு ஊர்ந்த தடம்போல் வரிசை கட்டும். ஒரு வரியை இடமிருந்து வலமாகவும் அடுத்ததை வலமிருந்து இடமாகவும் போட்டால் அது ஓரளவு அடங்கும். இன்னொரு வழியும் உண்டு. கொடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1973இல் வெளியிட்டது: மிச்சமே வைக்காமல், வரம்பையே இடத்துக்கு இடம் மாற்றிப் போடுவது. வேகம் அதிகம், ஆனால் நெய்த துணிபோல் ஒரு கோலம் தெரியும். கைப்பேசிக் கேமராக்களில் வண்ணம் பிரிக்கும் சதுரங்க வடிகட்டியை வகுத்தவரும் இதே பேயர்தான். படம் உள்ளே போகும் வாசலிலும் வெளியே வரும் வாசலிலும் ஒரே ஆள் நிற்கிறார்.

இந்தக் கணக்கையெல்லாம் போடுவது யார்? பிரிண்டரா, கணினியா?

ஏ4 தாளை 600 புள்ளி நுணுக்கத்தில் நிரப்ப அகலத்தில் 4,960, உயரத்தில் 7,016 புள்ளிகள் வேண்டும். பெருக்கினால் ஏறத்தாழ மூன்றரைக் கோடி. ஆம், இல்லை என்ற நிலையில் வைத்தாலே நாலு மெகாபைட்டுக்கு மேல். 1990களில் இத்தனை நினைவகத்தையும் அதைக் கையாளும் சில்லையும் பிரிண்டருக்குள் வைத்தால் விலை எங்கேயோ போய்விடும். மேசைமேல் பக்கத்திலேயே ஒரு கணினி சும்மா இருக்கும்போது எதற்கு இரண்டாவது மூளை? மூளையைக் கழற்றிவிட்டுக் கையை மட்டும் விற்றார்கள். கணினி ஒவ்வொரு துளியையும் தீர்மானித்துச் சொல்லும், பிரிண்டர் அதைக் கக்கும். விண்டோஸ் காலத்தில் இவற்றுக்கு ஜிடிஐ பிரிண்டர் என்றும், வெறுப்பில் சிலர் வின்பிரிண்டர் என்றும் பெயர் வைத்தார்கள். கணினியே ஓட்டும் பிரிண்டர் என்பது போதுமான விளக்கம்.

இதை ஏமாற்று வேலை என்று திட்டியவர்கள் பலர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. மூளையுள்ள பழைய பிரிண்டர்களின் மூளைக்குள் இருந்தது என்ன? ஆங்கில எழுத்துகளின் வடிவங்கள். கணினி 65 என்ற எண்ணை அனுப்பினால் ஊசிப் பிரிண்டர் தன் நினைவிலிருந்து ஆங்கிலத்தின் முதல் எழுத்தை எடுத்து அடித்துவிடும். ‘ழ’வை அது கண்டதே இல்லை. தமிழானாலும் சிங்களமானாலும், அதன் அறிவைத் தாண்டி, எழுத்தைப் புள்ளிப்படமாக்கி வரி வரியாக ஊட்ட வேண்டியிருந்தது. மெதுவாகவும் கரகரப்பாகவும் வரும். எல்லாமே படம் என்று வைத்துக்கொண்ட மூளையில்லாப் பிரிண்டருக்கு ஆங்கிலமும் பாமினி எழுத்துருவில் அடித்த தமிழும் ஒன்றுதான். நோட்டீசில் முகமும் அதன் கீழே பெயரும் ஒரே புள்ளிக் கூட்டமாக இறங்குகின்றன.

திட்டியவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. 1990களின் பிற்பகுதியில் எச்பி நிறுவனம் டெஸ்க்ஜெட் 710, 720, 820, 1000 வரிசைகளில் பிபிஏ என்ற உள்மொழியைப் பயன்படுத்தியது. அந்த மொழியின் இலக்கணத்தை அது வெளியிடவில்லை. விண்டோசுக்கு, அந்த மொழியில் பேசும் டிரைவர் என்ற நிரல் கிடைத்தது. லினக்ஸ் இயங்குதளம் வைத்திருந்தவருக்கு அந்தப் பிரிண்டர் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. 1998இல் டிம் நோர்மன் என்பவர் அந்த மொழியை அவிழ்த்து, பிபிஎம்டூபிபிஏ என்ற சிறு நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்தார். மேலே நாம் எழுதிய 0, 1 படத்தை உள்ளே போட்டால் பிபிஏ மொழியில் வெளியே தரும். முதலில் கறுப்பு மட்டும். பின்னர் வேறு சிலர் சேர்ந்து வண்ணமும் அடிக்கும் நிரலாக அதை வளர்த்தார்கள்.

சொல்லித்தராத மொழியை எப்படிக் கற்பது? இத்தகைய வேலையில் வழக்கமான முறை, பொறுமையை மட்டும் கேட்பது. விண்டோசில் வெற்றுத் தாள் ஒன்றை அச்சிடச் சொல்லி, பிரிண்டருக்குப் போகும் தரவைக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். அடுத்து, மூலையில் ஒரே ஒரு புள்ளி உள்ள தாள். இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டால் எந்த எண் மாறியது என்று தெரியும். புள்ளியை ஓர் அங்குலம் தள்ளி வைத்தால் எந்த எண் எவ்வளவு நகர்கிறது? இரண்டு புள்ளி வைத்தால்? ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம். ஊகித்ததைத் தானே எழுதி அனுப்பிப் பார்க்க வேண்டும். புள்ளி சரியான இடத்தில் விழுந்தால் ஊகம் சரி, தாள் வெறுமையாக வெளியே வந்தால் மறுபடி முதலிலிருந்து.

அப்படிக் கண்டதில் சுவாரஸ்யமானது ஒன்று உண்டு. படம் கணினியில் வரி வரியாக, இடமிருந்து வலமாக இருக்கிறது. பிரிண்டருக்கோ அது வேறு வரிசையில் வேண்டும். இந்த மாதிரிகளில் இருந்த எச்பி 45 கறுப்பு மைப் பெட்டியின் அடியில் 300 நுண்துளைகள், அரை அங்குல உயரத்துக்கு. தலை ஒருமுறை குறுக்கே ஓடினால் 300 வரிகள் சேர்ந்து விழும். ஆகவே படத்தை 300 வரித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் நெடுக்கு வரிசையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதிலும் துளைகள் இரண்டு நிரல்களாக, ஒற்றைப்படை ஒரு பக்கம் இரட்டைப்படை மறுபக்கம், சற்று விலகி இருக்கின்றன. ஒரே நேர்க்கோட்டில் விழ வேண்டிய புள்ளிகளுக்கு இரண்டு வேறு நேரங்களில் கட்டளை போக வேண்டும். மூளையுள்ள பிரிண்டர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். இங்கே எல்லாம் கணினியின் தலையில். பிரிண்டருக்குத் தேவையோ ஓர் ஓட்டத்துக்கான நினைவகம் மட்டும், ஏறத்தாழ 200 கிலோபைட். விலை குறைந்த இரகசியம் அதுதான்.

இன்று கொமினிகேஷன்களில் நிற்கும் மை டாங்கிப் பிரிண்டர்களும் இந்தக் குடும்பம்தான். “லைன் விழுகுது” என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டு ஹெட் கிளீனிங் போடும்போது நடப்பது, ஒரு துளை அடைபட்டு அதன் வரி மட்டும் ஒவ்வோர் ஓட்டத்திலும் வெறுமையாகப் போவது. உயர்தர அச்சைத் தெரிவுசெய்தால் ஒரே பட்டையின் மேல் தலை பல முறை ஓடி, வெவ்வேறு துளைகளால் நிரப்பும். அடைப்பு அவ்வளவாகத் தெரியாது, நேரம் மட்டும் போகும்.

துளி வெளியே வருவது எப்படி என்பதில் மலைநாட்டாருக்கு ஒரு சந்தேகம் வரலாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர். அங்கே தண்ணீர் 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். கனன், எச்பி பிரிண்டர்கள் மையைக் கொதிக்கவைத்து, எழும் குமிழியால் துளியைத் தள்ளுகின்றன. 1977இல் கனன் ஆய்வுகூடத்தில் இச்சிரோ எண்டோ சூடான பற்றாசுக் கோல் மை நிரம்பிய ஊசியில் பட்டதும் மை பீறிட்டதைக் கண்டதிலிருந்து பிறந்தது கனனின் நுட்பம். அப்படியானால் நுவரெலியாவில் துளி வேறு அளவில் விழுமா? அப்படி ஒன்றும் பெரிதாக ஆகாது. சூடேற்றி சில மைக்ரோ விநாடிகளுக்குள் மையை 300 பாகை அளவுக்குக் கொண்டுபோகிறது. அந்த வேகத்தில் சாதாரணக் கொதிநிலையைக் கடந்துபோய் மை ஒரேயடியாக வெடித்துக் குமிழாகிறது. ஆறு பாகை வித்தியாசம் அதற்கு ஒரு பொருட்டல்ல. எப்சன் வகைகளில் சூடே இல்லை. மின்சாரம் பட்டால் வளையும் படிகம் மையைப் பிதுக்குகிறது.

உயரம் செய்யாத கெடுதலை மூட்டம் செய்யும். எப்படி என்று பார்க்க, பொட்டின் வடிவத்திலிருந்து தொடங்குவோம். கணக்கில் புள்ளி சதுரம். தாளில் விழும் துளியோ வட்டம். முழுக் கறுப்பு இடத்தில் மூலைகள் வெள்ளையாக நிற்காமலிருக்க, வட்டம் சதுரத்தின் நாலு மூலைகளையும் தொட வேண்டும். அப்படித் தொடும் வட்டத்தின் பரப்பு சதுரத்தைவிட 57 வீதம் அதிகம். தனித்தனியாகப் பொட்டு வைத்த 30 வீதச் சாம்பல், தாளில் 47 வீதமாகிவிடும். அதனால்தான் நேர்மையான கணக்கப்பிள்ளை கணக்குச் சரியாகப் போட்டும் முகங்கள் கறுத்துப்போகின்றன. புள்ளி வைக்கும் முன்பே படத்தை வேண்டுமென்றே வெளிறச் செய்ய வேண்டும். எவ்வளவு என்பது தாளுக்குத் தாள் மாறும். அதைக் கண்டுபிடிக்க வழி, படிப்படியான சாம்பல் கட்டங்களை அச்சிட்டுப் பார்த்துத் திருத்துவது. தென்மேற்குப் பருவ மழை மாதங்களில் உறை பிரித்து வைத்த தாள்கட்டு ஈரத்தை உறிஞ்சியிருக்கும். இழைகளின் வழியே மை இன்னும் ஓடும், பொட்டு இன்னும் அகலும். டிரைவருக்கு மஸ்கெலியாவின் மழை தெரியாது. தாளை உறைக்குள்ளேயே மூடி வைப்பதும், அச்சிடும் முன் படத்தின் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுவதும் கடைக்காரர் கையில் இருக்கிறது.

கடைசியாக ஒரு சிக்கல், மலையகத்தில் அடிக்கடி வருவது. வீட்டில் பெரியவரின் ஒரிஜினல் புகைப்படம் இருக்காது. இருப்பது பழைய நோட்டீஸ், அல்லது ஏதோ விண்ணப்பத்தில் ஒட்டிய படத்தின் போட்டோ கொப்பி. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தொடங்கி 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பத்திரங்களோடு அலைந்த சமூகத்தில், காகிதங்களின் பிரதிகளும் பிரதிகளின் பிரதிகளும் பெட்டிகளில் இருப்பது இயல்பு. அந்த நோட்டீசை அப்படியே ஸ்கேன் செய்து அச்சிட்டால் முகத்தில் பட்டை பட்டையாகவும் கட்டம் கட்டமாகவும் கறை விழும். பழைய பொட்டு வரிசையின் மேல் புதிய பொட்டு வரிசை விழுந்து, இரண்டுக்கும் இடையிலான சிறு முரண் பெரிய அலையாகத் தெரிகிறது. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று பிடித்தாலும் இதே அலை தோன்றும்.

சரிசெய்ய, கண் செய்ததை மென்பொருளைச் செய்யவைக்க வேண்டும். நோட்டீசை 600 புள்ளி நுணுக்கத்தில், கறுப்பு வெள்ளை என்று கொடுக்காமல் சாம்பல் படிகளாக ஸ்கேன் செய்து, ஒவ்வொரு பொட்டும் தெளிவாக வரும்படி எடுக்கவும். பிறகு அக்கம்பக்கப் புள்ளிகளைச் சராசரி எடுத்துக் கலங்கச் செய்தால் பொட்டுகள் மறைந்து சாம்பல் திரும்பக் கிடைக்கும். அதன்பின் அளவைக் குறைத்துப் புதிதாக அச்சிடலாம். பல ஸ்கேனர் மென்பொருள்களில் டிஸ்கிரீன் என்றிருக்கும் தெரிவு இதைத்தான் செய்கிறது. விலை ஒன்று உண்டு: பொட்டோடு சேர்ந்து நெற்றிச் சுருக்கமும் மீசை நுனியும் கலங்கிவிடும், ஏனென்றால் எது பொட்டு எது சுருக்கம் என்று சராசரிக்குத் தெரியாது. இழந்த நுணுக்கத்தை எந்த டிரைவராலும் மீட்க முடியாது. நோட்டீசை நீட்டியதும் கடைக்காரர் முகத்தைச் சுளித்து “ஒரிஜினல் ஒன்னும் இல்லையா?” என்று கேட்பது அதற்காகத்தான்.